ஏழாம் நம்பர் சீட்டு

எங்கள் கம்பெனியில் தைத்து முடித்த ஒவ்வொரு பிராவுக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். கட்டைவிரல் நகம் அளவுதான். அதில் பெயர் இருக்காது, தைத்ததைச் சரிபார்த்த செக்கரின் எண் மட்டும். வாங்கிப் போகிறவர்கள் அதைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். எங்களுக்கு அது அப்படிப்பட்ட சீட்டு இல்லை. எங்கோ ஒரு கடையில் யாரோ ஒருத்திக்குக் கம்பி குத்தினாலோ, கப்புக்குள் நூல் முடிச்சு உறுத்தினாலோ சரக்கு அந்தச் சீட்டோடு திரும்பி வரும். அதில் இருப்பது எந்த எண்ணோ அந்தச் செக்கருக்கு அன்றைக்கு அர்ச்சனைதான்.

ஏழு என்று அச்சடித்த சீட்டு பதினெட்டு வருஷத்தில் இரண்டே முறைதான் திரும்பி வந்தது. அதிலும் ஒன்று கடைக்காரன் செய்த கோளாறு என்று பிறகு தெரிந்தது. அதனால் அந்தச் சீட்டுக்குரிய செக்கருக்கு ஏழு என்றே பெயர் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் ஏழு என்பார். காவலாளி ஏழக்கா என்பார். அவள் வீட்டுக்காரரே ஒருநாள் கேட்டில் வந்து நின்று "ஏழு வெளிய வந்தாச்சா?" என்று கேட்டாராம். அவளுக்கு இதில் வருத்தமில்லை, பெருமைதான். தலைக்கனம் என்று நான் சொல்வேன். அவளுக்குப் பின்மேஜையில் உட்கார்ந்து பதினொரு வருஷம் அவள் முதுகைப் பார்த்தபடி பெட்டி ஒட்டியவள் நான். இவ்வளவு சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவள் வேலை செய்யும்போது கண் வேலை செய்யாது. கண் பாட்டுக்கு வாசலைப் பார்க்கும், யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பார்க்கும். இடது கை கப்புக்குள் போகும், வலது கை வெளியே. மூன்று விரல்களின் சதைப்பகுதியால் ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாகத் தடவி நடுவுக்கு வருவாள். பஞ்சு இரண்டு அடுக்கு, அதன்மேல் துணி, அதற்கும்மேல் லேஸ். அத்தனைக்கும் அடியில் சர்க்கரைத் துணுக்கு அளவில் ஒரு முடிச்சு இருந்தாலும் கை நின்றுவிடும். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் இதை நம்பாமல், ஒரு தலைமுடியை இரண்டு பஞ்சுக்கும் நடுவே வைத்துத் தைக்கச் சொல்லி, ஐம்பது உருப்படிக்குள் கலந்துவிட்டார். முப்பத்தெட்டாவதில் அவள் கை நின்றது. "முடிய வெச்சுத் தைக்கிறீங்களே சார், கம்பெனி விளங்கிடும்" என்று அவர் முன்னாலேயே தூக்கிப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கை செய்த தவறைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கம்பி வைத்த பிரா போட்டால் மார்பில் புற்றுநோய் வரும் என்று யாருடைய போனிலோ ஒரு செய்தி வந்தது. மற்ற இடங்களில் அப்படி ஒரு செய்தி வந்தால் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். நாங்கள் நாளைக்கு ஆயிரத்து இருநூறு கம்பி சொருகுகிறவர்கள். கம்பிப் பிரிவில் இருந்த ஆறு பேரும் வேறு பிரிவு கேட்டுச் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார்கள். கம்பெனிக்குக் கிலி பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்து, சாப்பாட்டு ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள்.

நர்ஸ் சிறிய உருவம், பெரிய குரல். கம்பிக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

"அப்ப எதனால வருது?" என்று யாரோ கேட்டார்கள்.

"இதுதான் ஒரே காரணம்னு எதையும் காட்ட முடியாதுங்க. வர வாய்ப்பக் கூட்டுற விஷயங்கள் இருக்கு. அதுல பெரிய விஷயம் ரெண்டு. பொம்பளையா பிறந்தது, வயசாகறது."

"ரெண்டையும் விட்டுடறோம் சிஸ்டர்" என்றாள் ஹுக் மெஷினில் இருக்கிறவள். ஹாலே சிரித்தது.

நர்ஸும் சிரித்துவிட்டு மீதியைச் சொன்னார். அம்மா, அக்கா தங்கைக்கு வந்திருப்பது. சின்ன வயதிலேயே பெரியவளாவது, மாதவிலக்கு ரொம்பத் தாமதமாக நிற்பது. பிள்ளை பெறாதது, முப்பதுக்குமேல் முதல் பிள்ளை பெறுவது, பால் கொடுக்காதது. மாதவிலக்கு நின்றபிறகு உடம்பு பெருப்பது. குடி. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் மெஷின்காரிகள் எல்லோரும் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

ஏழு முதல் வரிசையில் உட்கார்ந்து விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பாதி பேசுவதற்குள் வண்டியில் ஏற வேண்டிய சரக்கு நிற்கிறது என்று ஆள் வந்து அவளைக் கூட்டிப்போனான். பட்டியல் முழுவதையும் அவள் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சொன்னது எதையும் கேட்கவில்லை.

மறுநாளே ஆரம்பித்தது. முதலில் போனவள் அவளுடைய நாத்தனார். ஏழின் வீட்டுக்காரருக்குத் தங்கை. வயது நாற்பத்தொன்பது. எலாஸ்டிக் மெஷினில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். எங்களுக்கெல்லாம் அது வேடிக்கையாக இருக்கும். அவளுக்கு டாக்டர் என்றாலே பயம், அதிலும் சட்டையைக் கழற்றச் சொன்னால் கேட்கவே வேண்டாம். "அண்ணி, உங்க கைக்குத் தப்பி ஒரு முடிச்சு போனதில்லயே. நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்றாளாம்.

ஏழு பார்த்தாள். உடை மாற்றும் அறையில், லாக்கர்களுக்கு நடுவே கிடக்கும் பெஞ்சில் படுக்க வைத்து, ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாக. ஒன்றும் இல்லை. வெளியே வந்து நாத்தனார் அதை நாலு பேரிடம் சொன்னாள். அதன்பிறகு மாதத்தின் முதல் திங்கட்கிழமை, சாப்பாட்டு மணிக்கும் வேலை மணிக்கும் நடுவே இருக்கும் இருபது நிமிஷம், அந்த அறை வாசலில் வரிசை நின்றது. நாற்பதுக்குக் கீழே இருந்தவர்களை "உனக்கென்ன அவசரம்" என்று விரட்டிவிடுவாள். மற்றவர்களிடம் நர்ஸ் சொன்ன பட்டியலைக் கேள்வியாகக் கேட்பாள்.

இங்கேதான் அவள் புத்தி எங்கள் கம்பெனிப் புத்தியாகப் போனது. எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரு உருப்படியில் சின்னக் குறை மூன்று இருந்தால் தள்ள வேண்டும், இரண்டு வரை போகலாம். ஏழு அந்தக் கணக்கை அப்படியே பெண்களுக்கும் போட்டாள். உட்கார்ந்து வேலை பார்ப்பது எல்லோருக்கும் பொது என்று அதைமட்டும் சேர்க்கவில்லை. எனக்கு ஒரு குறை, பிள்ளை பிறக்கும்போது வயது முப்பத்திரண்டு. நாத்தனாருக்கு இரண்டு, பிள்ளை இல்லை, மாதவிலக்கு நின்றபிறகு ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். இரண்டுதானே. கையிலும் ஒன்றும் படவில்லை. "போ, பாஸ்" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள்.

நான் அவள் பார்த்த பதினோராவது ஆள். படுத்திருந்தபோது அவள் கண் வழக்கம்போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து பொத்தான் போடும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது.

நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே வண்டி கம்பெனி வளாகத்துக்கே வந்து நின்றது. மார்பைப் படம் எடுக்கும் மெஷின் உள்ளேயே இருந்தது. நாற்பது தாண்டியவர்கள் போகலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஏழு பாஸ் செய்திருந்த இருபத்து மூன்று பேரில் ஒருத்திகூடப் போகவில்லை. "கையில படாதத மெஷின் என்னத்தக் கண்டுபிடிக்கப் போகுது?" என்று ஏழு தன் மேஜையிலிருந்தே கேட்டாள். நாங்களும் அதுதானே என்று இருந்துவிட்டோம். அவளும் போகவில்லை.

அடுத்த வருஷம் வண்டி வந்தது நல்ல வெயில் காலத்தில். ஹாலில் இரண்டு மின்விசிறி பழுது. எலாஸ்டிக் மெஷின் பக்கம் நின்றால் கொதிக்கும். போய்வந்த ஒருத்தி, வண்டிக்குள் ஏசி ஜில்லென்று இருக்கிறது, கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் என்றாள். நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, படம் எடுக்கறாங்களோ இல்லயோ, வியர்வ அடங்கட்டும்." அது ஒரு முதல் திங்கட்கிழமை. அன்றைக்கு மத்தியானம்தான் அண்ணி அவளைப் பார்த்து பாஸ் போட்டிருந்தாள்.

மெஷின் அழுத்திப் பிடித்து விட்டுவிடும், அவ்வளவுதான். "அயர்ன் டேபிள்ல மாட்டின மாதிரி இருக்கு" என்று நாத்தனார் உள்ளேயிருந்து கத்தியது வெளியே கேட்டது. நாங்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம்.

பத்து நாளில் எனக்கு ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. அவளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு படம், பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், அப்புறம் ஒரு வாரம் காத்திருப்பு. அந்த வாரத்தில் ஏழின் மேஜையில் வேலை நடந்தது. ஆனால் அவள் கண் வாசலைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

முடிவு வாங்க அண்ணியோடு போனபோது டாக்டர் அறையில் நடந்ததை நாத்தனார்தான் எனக்குச் சொன்னாள். புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னார். சின்னது, ஆரம்பம் என்றும் சொன்னார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கப் போன வருஷத்துப் படம் இருக்கிறதா என்று கேட்டார்.

"எடுக்கல."

"வண்டி போன வருஷமும் வந்துச்சே. ஏன் எடுக்கல?"

நாத்தனாரை முந்திக்கொண்டு ஏழு சொன்னாள். "நான் பாத்தேன். ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"நீங்க டாக்டரா?"

"செக்கர்."

டாக்டருக்குப் புரியவில்லை. ஏழு விளக்கவும் இல்லை. "எந்த இடத்துல இருக்கு, தொட்டுக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டாள். நாத்தனார் தலையாட்டினாள். டாக்டர் ஏழின் விரல்களைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அவள் அழுத்தினாள். வட்டம் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை போட்டாள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் அவள் கை நிற்கவில்லை.

"படாதும்மா. பச்சைப்பயறு அளவுதான், அதுவும் ஆழத்துல. யார் கைக்கும் படாது" என்றார் டாக்டர்.

"போன வருஷம் படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். அத இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

மன்னித்தேன் என்றும் சொல்லாத, குற்றவாளி என்றும் சொல்லாத அந்தப் பதில்தான் அவளை உட்காரவிடவில்லை என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து நாத்தனாரை வீட்டில் விட்டுவிட்டு, அதே சூட்டோடு நர்ஸைத் தேடிப் போனாள். "நீங்க பேசறப்ப நான் பாதியில எழுந்து போயிட்டேன். மீதியச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

நர்ஸ் சொன்னார். அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லாதவர்களுக்கும் வருகிறது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் வேறு யாருக்கும் வந்ததே இல்லை. அது மார்க் போட்டுக் கூட்டும் கணக்கு இல்லை. நடந்தால், எடையைக் கட்டுக்குள் வைத்தால், குடிக்காமல் இருந்தால் வாய்ப்புக் குறையும், இல்லாமல் போகாது. கையால் பார்ப்பது தன் உடம்பில் ஏதாவது மாறினால் தனக்குத் தெரிவதற்கு. மாற்றம் தெரிந்தால் உடனே போக வேண்டும். தெரியவில்லை என்பதால் போகாமல் இருக்கக் கூடாது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று ஏழு சண்டைக்குப் போனாளாம்.

"சொன்னேன். உங்க நாற்காலி காலியா இருந்துச்சு" என்றார் நர்ஸ்.

எங்கள் கம்பெனியில் ஒரு சீட்டு திரும்பி வந்தால், அந்த எண் அன்றைக்குப் பார்த்த மொத்தச் சரக்கையும் திறந்து மறுபடி பார்க்க வேண்டும். லாட்டை உடைப்பது என்போம். செக்கருக்கு அதைவிட அவமானம் கிடையாது, ஹால் முழுக்கத் தெரிந்துவிடும். திங்கட்கிழமை டீ நேரத்தில் ஏழு தன் சீட்டுக் கட்டிலிருந்து இருபத்து மூன்று சீட்டு கிழித்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெயர் எழுதினாள். நாத்தனாருடையதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதியை எடுத்து மெஷின் மெஷினாகப் போய் ஊசிக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். "இது திரும்பி வந்திருக்கு. நான் பாஸ்னு சொன்னது செல்லாது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வா, நானும் வரேன்." எல்லோரிடமும் இதே வார்த்தைகள்தான், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

என் மேஜையிலும் வைத்தாள். நான் வண்டியிலேயே எடுத்துவிட்டேன், ஒன்றுமில்லை என்றேன். "நல்லது" என்று சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஹுக் மெஷின்காரி எழுந்து நின்றுவிட்டாள். "உன் பேச்சக் கேட்டுத்தான ரெண்டு வருஷம் வண்டிப் பக்கம் தல வெச்சுப் படுக்கல? இப்ப வந்து செல்லாதுன்னா? எனக்கு ஏதாவது ஆயிருந்தா நீ வந்து பதில் சொல்லுவியா? பெரிய கையாம் கை!" ஹாலில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற ஏழு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கடைசியில், "நீ சொல்றது நியாயம். வியாழக்கிழமை வா" என்றாள். ஹுக் மெஷின்காரி அந்த வியாழனும் வரவில்லை, அடுத்த வியாழனும் வரவில்லை. ஏழு அவள் ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு சீட்டு வைத்தாள். ஒன்பதாவது சீட்டுக்கு வந்தாள்.

என்னையும் நாத்தனாரையும் தவிர்த்த இருபத்தொரு பேரையும் கூட்டிப்போய், ஒவ்வொருவர் சீட்டையும் திரும்ப வாங்கி முடிக்க இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. இரண்டு பேரை மறுபடி கூப்பிட்டார்கள். ஒருத்திக்கு நீர்க்கட்டி, இன்னொருத்திக்கு ஒன்றுமே இல்லை. இந்த நாட்களில்தான் நாத்தனாருக்கு ஆபரேஷனும் நடந்தது. மார்பை எடுக்கவில்லை, அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். பிறகு நாலு வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை, அஞ்சு வருஷத்துக்கு மாத்திரை. ஏழு சாயங்காலம் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து போக ஆரம்பித்தாள், வீட்டில் போய் நாத்தனாரையும் கிளப்பிக்கொண்டு இன்னொரு சுற்று. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் இரண்டு பேரும் அந்த ஒரு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நாத்தனார் கேட்கவில்லை. ஏழுக்குத் தைரியம் இல்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில், நாத்தனார் சாப்பாட்டு டப்பா எடுக்கும்போது அண்ணியின் பைக்குள் பெயர் எழுதிய அந்தச் சீட்டுகளைப் பார்த்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மேஜைமேல் பரப்பி எண்ணினாள்.

"இருபத்து மூணு இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"எது இன்னொண்ணு?"

"உங்களுது. உங்கள யாரு பாத்தா?"

"நானே பாத்துக்கறேன், மாசாமாசம்."

சொல்லி முடிக்கும்போதே ஏழின் குரல் இறங்கிவிட்டது. நாத்தனார் அண்ணியின் சீட்டுக் கட்டிலிருந்து புதிதாக ஒரு சீட்டைக் கிழித்து, பின்பக்கம் 'அண்ணி' என்று எழுதி, அவள் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். போகிற வழி முழுக்க ஏழு கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாளாம். அடுத்த வாரம் முடிவு வாங்கவும் சேர்ந்தே போனார்கள். ஏழு உள்ளே போய்விட்டு வெளியே வந்து, பெஞ்சில் நாத்தனாருக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லயாம்" என்றாள், யார்மீதோ புகார் சொல்வதுபோல. பிறகு அத்தனை பேர் நடமாடும் வராந்தாவில் வாய்விட்டு அழுதாள். "எனக்கு வந்திருக்கக் கூடாதா? உன்னப் போகாதன்னு சொன்ன எனக்கு ஒண்ணுமில்ல. என் பேச்சக் கேட்ட உனக்கு வந்திருக்கு. எம்மேல உனக்குக் கோபமே வரலயா? ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறியே!"

நாத்தனார் மடியில் இருந்த கைப்பையை நகர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"கோபந்தான் அண்ணி. நிறைய இருக்கு. ஒரு வருஷத்துக் கோபம், சீக்கிரத்துல போகாது. அதுக்காக உங்களுக்கும் வரணும்னா நெனப்பேன்? அடுத்த வருஷமும் ரெண்டு பேருக்கும் சேத்தே தேதி வாங்கிட்டேன். வந்துடுங்க, என்னால தனியா உள்ள போக முடியாது."